இரண்டாண்டுக் கெடு

தற்புகழ்ச்சி புலவனுக்கு ஆகாது என்பது நம் மரபு. எத்தனை துறைகளைக் கரைகண்டவனாயினும் தன்னைத் தானே மெச்சிக்கொள்ளல் தகாது என்று 13ஆம் நூற்றாண்டின் பவணந்தி முனிவர் நன்னூல் பாயிரத்தில் விதிக்கிறார். ஆனால் அடுத்த நூற்பாவிலேயே நான்கு விலக்குகளும் தருகிறார். அரசவைக்கு ஓலை விடுக்கும்போது. தன் ஆற்றலை அறியாதார் நடுவே இருக்கும்போது. அவையில் வாதிட்டு வெல்லவேண்டிய பொழுதில். மாற்றான் தன்னைப் பழித்த வேளையில். இந்த நான்கு இடங்களில் மட்டும் புலவன் தன் பெருமையைத் தானே சொல்லலாம்.

வகுப்பில் இந்நூற்பாக்களை நடத்தும்போதெல்லாம் இரண்டாவது விலக்கில் நாம் சற்று நின்றுவிடுவதுண்டு. தன்னை அறியாதார் நடுவே நிற்பது என்பது புதிதாக எழுத வருகிறவனின் அன்றாட நிலை அல்லவா? அப்படியானால் புதியவனுக்கு எப்போதும் அனுமதி உண்டு என்று கொள்ளலாமா? அவன் எதுவரை போகலாம்? இக்கேள்விக்கு விடை தேட, நமக்குத் தொலைவில் உள்ள ஓர் இலக்கியச் சமூகத்தின் வரலாறு பெரிதும் உதவும். ஆங்கில அறிவியல் புனைகதை உலகம் புதியவரை வாசகர் வாக்கால் தேர்ந்தெடுக்கும் வழக்கத்தை 1953 முதல் விட்டும் தொட்டும் நடத்தி வருகிறது. அங்கே ஒரு புதிய எழுத்தாளர் தன் சிறுகதைகளை வாக்காளர் கையில் கொண்டு சேர்ப்பது எப்படித் தொடங்கியது, எப்படி வளர்ந்தது, எங்கே திரிந்தது என்பதைப் பார்ப்போம்.

*

1926ஆம் ஆண்டு ஏப்ரலில் ஹூகோ கெர்ன்ஸ்பேக் நியூயார்க்கில் ‘அமேசிங் ஸ்டோரீஸ்’ என்ற மாத இதழைத் தொடங்கினார். அறிவியல் புனைகதைக்கென்றே வெளிவந்த முதல் ஆங்கில இதழ் அது. அவர் வாசகர் கடிதங்களை எழுதியவரின் முகவரியோடு வெளியிட்டார். அதன் விளைவு அவர் எதிர்பார்த்ததைவிடப் பெரிது. ஓர் ஊரில் தனித்திருந்த வாசகன் அடுத்த ஊரில் தன்னைப் போன்ற இன்னொருவன் இருப்பதை அறிந்தான். கடிதம் போனது, மன்றம் பிறந்தது, 1930இல் ரசிகர்களே தட்டச்சிட்டுப் படியெடுக்கும் சிற்றிதழ்கள் தோன்றின. 1939இல் நியூயார்க்கில் முதல் உலக மாநாடு கூடியது. வேர்ல்ட்கான் என்று சுருக்கமாக அழைக்கப்படும் அம்மாநாடு, போர்க்காலத்து இடைவெளி நீங்கலாக, அதன்பின் ஆண்டுதோறும் நடந்து வருகிறது.

இப்பின்னணி முக்கியமானது. வாசகனும் எழுத்தாளனும் ஒரே கூடத்தில் அமர்ந்து பேசிய சமூகம் அது. நேற்றுவரை கடிதம் எழுதிய வாசகன் இன்று கதை எழுதினான். ஆகவே விருது என்று ஒன்று வந்தபோது, நடுவர் குழு ஒன்றை அமர்த்த அவர்களுக்குத் தோன்றவில்லை. மாநாட்டின் உறுப்பினர் எல்லோரும் வாக்களிப்பது என்று முடிவாயிற்று. 1953இல் ஃபிலடெல்ஃபியாவில் முதல் விருதுகள் வழங்கப்பட்டன. கெர்ன்ஸ்பேக்கைப் போற்றும் வகையில் அவற்றுக்கு ஹூகோ என்ற பெயர் நிலைத்தது.

அந்த முதல் ஆண்டிலேயே புதியவருக்கு ஓர் இடம் இருந்தது. பெற்றவர் பிலிப் ஹோசே ஃபார்மர். 1952இல் ஓர் இதழில் வந்த ‘தி லவ்வர்ஸ்’ என்ற குறுநாவலால் கவனம் பெற்றிருந்தார். பூமியின் மனிதனுக்கும் வேற்றுலகப் பெண்ணுருவுக்குமான காதலைச் சொன்ன அக்கதை, அதுவரை பாலுறவைத் தொடாதிருந்த அத்துறையில் ஒரு வேலியை உடைத்தது. விருதின் ஊக்கத்தில் ஃபார்மர் முழுநேர எழுத்தில் இறங்கினார். ஒரு நாவல் போட்டியில் வென்றார்; அறிவிக்கப்பட்ட 4000 டாலர் பரிசு கைக்கு வரவேயில்லை. எழுத்தை நம்பி வாழ முடியாமல் மீண்டும் வேறு வேலை தேட வேண்டியதாயிற்று. விருது வழியைக் காட்டலாம். சோறு போடும் என்பதற்கு உறுதியில்லை என்ற பாடம் அந்த முதல் ஆளிடமே தொடங்கிவிட்டது.

1956இல் புதியவருக்கான விருது ராபர்ட் சில்வர்பெர்க்குக்குச் சென்றது. அன்று அவருக்கு வயது 21. அவரோடு போட்டியிட்டுப் பெறாதவர்களில் ஹார்லன் எல்லிசனும், பிற்காலத்தில் ‘டியூன்’ எழுதிய ஃபிராங்க் ஹெர்பர்ட்டும் இருந்தனர். 1959இல் நடந்தது வேறு. பிரையன் ஆல்டிஸ், கிட் ரீட் முதலிய ஐந்து புதியவர்கள் பட்டியலில் இருந்தனர். வாக்காளரோ ‘யாருக்கும் இல்லை’ என்று தீர்ப்பளித்தனர். ஹூகோ வாக்குச்சீட்டில் அப்படியும் ஒரு வரி உண்டு. போட்டியில் உள்ள எவரும் தகுதியுடையவர் அல்லர் என்று வாசகர் கருதினால் அவ்வரியைத் தேர்ந்தெடுக்கலாம். ஆல்டிஸ் மூன்றே ஆண்டுகளில், 1962இல், ‘ஹாட்ஹவுஸ்’ கதைத் தொடருக்காக ஹூகோ பெற்றார். 1959இல் வாக்களித்தவர்கள் அவரைப் படித்துத்தான் தள்ளினார்களா, படிக்காமலே தள்ளினார்களா? ‘யாருக்கும் இல்லை’ என்ற தீர்ப்பில் இவ்விரண்டும் ஒரே உருவில்தான் தெரிகின்றன. புதியவனின் உண்மையான பயம் இதுவே. நிராகரிப்பையாவது தாங்கிக்கொள்ளலாம், படிக்கப்படாமல் போவதை என்ன செய்வது?

*

1965இல் டேமன் நைட் முன்னின்று அமெரிக்க அறிவியல் புனைகதை எழுத்தாளர் சங்கத்தைத் தொடங்கினார். அச்சங்கத்தின் நெபுலா விருதுக்கு வாக்களிப்பவர்கள் எழுத்தாளர்களே. சக எழுத்தாளர்கள் என்றால் புதியவனைக் கட்டாயம் படிப்பார்கள் என்று நினைக்கத் தோன்றும். 1971ஆம் ஆண்டு நெபுலா விழாவில் நடந்தது இது. சிறுகதைப் பிரிவின் முடிவை அறிவிக்க வந்த ஐசக் அசிமோவ், ஜீன் வுல்ஃப் என்ற அதிகம் அறியப்படாத எழுத்தாளரின் பெயரை வாசித்தார். வுல்ஃப் எழுந்துவிட்டார். அதற்குள் அசிமோவின் காதில் திருத்தம் சொல்லப்பட்டது. முதலிடம் ‘யாருக்கும் இல்லை’ என்ற வரிக்குச் சென்றிருந்தது; வுல்ஃபின் ‘தி ஐலண்ட் ஆஃப் டாக்டர் டெத் அண்ட் அதர் ஸ்டோரீஸ்’ அதற்கடுத்த இடம். அவர் மீண்டும் அமர வேண்டியிருந்தது.

வுல்ஃப் புண்பட்டு ஒதுங்கிவிடவில்லை. தலைப்பின் சொற்களை மாற்றிப் போட்டு ‘தி டெத் ஆஃப் டாக்டர் ஐலண்ட்’ என்று ஒரு குறுநாவல் எழுதினார். 1973இல் வெளிவந்த அதற்கு நெபுலா கிடைத்தது. நன்னூலார் காட்டும் மூன்றாம் விலக்கு, அவையில் வெல்லும் பொழுது, இதுதான் போலும். ஆனால் அவர் வென்றது பேச்சால் அன்று, இன்னொரு கதையால்.

*

1971 ஜூலையில் ஜான் டபிள்யூ. கேம்பல் மறைந்தார். ‘அஸ்டவுண்டிங்’ இதழை 1937இன் இறுதியிலிருந்து நடத்தியவர். 1960இல் அதன் பெயரை ‘அனலாக்’ என்று மாற்றியவர். அசிமோவ், ஹைன்லைன் போன்றோரை வளர்த்த ஆசிரியர் அவர். அவர் பெயரால் புதியவருக்கென ஒரு விருதை அனலாக்கின் பதிப்பாளர்கள் நிறுவினர். 1973இல் டொரன்டோ மாநாட்டில் முதல் விருதை ஜெர்ரி போர்னெல் பெற்றார். வாக்குச்சீட்டும் விழாவும் ஹூகோவோடு சேர்ந்தவை. ஆனால் அது ஹூகோ அன்று என்று ஒவ்வோர் ஆண்டும் நினைவூட்டப்படும்.

இவ்விருதின் விதி ஒன்று முழு வரலாற்றையும் ஆட்டிவைத்திருக்கிறது. முதல் தொழில்முறைப் பிரசுரம் நிகழ்ந்தபின் இரண்டாண்டுகள் மட்டுமே ஒருவர் இதற்குத் தகுதியுடையவர். கெடு முடிந்தால் மறுவாய்ப்பு இல்லை. ஒரு சிறு இதழில் வந்த முதல் சிறுகதையே கடிகாரத்தை ஓடவிட்டுவிடக்கூடும். அக்கதையை நூறு பேர்கூடப் படித்திராமல் இருக்கலாம். கடிகாரத்துக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. நாவலோடு வருகிறவருக்குப் பதிப்பகம் விளம்பரம் செய்கிறது, நூலகம் வாங்குகிறது, மதிப்புரை வருகிறது. சிறுகதையோடு வருகிறவருக்கோ இதழ் அடுத்த மாதமே கடைத்தட்டிலிருந்து இறங்கிவிடுகிறது. பரிந்துரைக்கும் வாக்காளர் அதைத் தேடிப் படிக்க விரும்பினாலும் பழைய இதழை எங்கே போய் வாங்குவார்?

1973இன் இறுதிப் பட்டியலில் இருந்து விருது பெறாதவர்களில் ஒருவர் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின். இன்று உலகமே அறிந்த அப்பெயர் அன்று சில சிறுகதைகளுக்கு மட்டுமே உரியது. தோற்றவர் ஒரு நல்ல காரியம் செய்தார். அந்த ஆண்டு இறுதிப் பட்டியலில் இருந்தவர்களிடம் புதிய கதைகளைக் கேட்டு வாங்கி ‘நியூ வாய்சஸ் இன் சயின்ஸ் ஃபிக்ஷன்’ என்ற தொகுப்பை 1977இல் கொண்டுவந்தார். வென்றவரும் தோற்றவரும் ஒரே அட்டைக்குள் இருந்தனர். அவருடைய ‘தி ஸ்டோன் சிட்டி’யும் அதில் உண்டு. பிந்திய ஆண்டுகளின் பட்டியல்களுக்கும் இவ்வாறே தொகுப்புகள் வந்தன. ஐந்து தொகுதிகள் வரை சென்றது அம்முயற்சி.

ஆனால் கவனிக்க வேண்டியது காலம். வாக்களிப்பு 1973இல், தொகுப்பு 1977இல். ‘இவர்களைத்தான் நீங்கள் எடைபோட்டீர்கள், இப்போதாவது படியுங்கள்’ என்று வாசகரிடம் சொன்னதுபோல அது அமைந்தது. வாக்குக்கு முன்பே கதையை வாக்காளரிடம் சேர்க்க அச்சுலகத்தில் எளிய வழி இருக்கவில்லை. படியெடுத்து அஞ்சலில் அனுப்பச் செலவு எழுத்தாளனுடையது. ஒரு சிறுகதைக்குக் கிடைத்த சன்மானம் அஞ்சல்தலைக்கே போய்விடும்.

*

இணையம் இக்கணக்கை மாற்றியது. 2000இல் ‘ஸ்ட்ரேஞ்ச் ஹொரைசன்ஸ்’, 2006இல் ‘கிளார்க்ஸ்வேர்ல்ட்’ போன்ற இதழ்கள் கதைகளை இலவசமாகவே வாசிக்கத் தந்தன. ஈ. லில்லி யூ என்ற இளம் எழுத்தாளரின் குளவிகளும் தேனீக்களும் பற்றிய ஒரு சிறுகதை 2011இல் ‘கிளார்க்ஸ்வேர்ல்ட்’டில் வந்தது. அது ஹூகோ, நெபுலா இரண்டின் இறுதிப் பட்டியலையும் எட்டியது. 2012இல் அவர் கேம்பல் விருதைப் பெற்றார்.

2002இன் இறுதியில் ஜான் ஸ்கால்சி தன் அறிவியல் நாவல் ஒன்றைத் தன் தளத்திலேயே தொடராக வெளியிட்டார். ஒரு பெரிய பதிப்பக ஆசிரியர் அதைப் படித்து வாங்கினார். 2005இல் நூலாயிற்று, 2006இல் அவருக்கே கேம்பல் விருது. இறுதிப் பட்டியலில் உள்ள படைப்புகளை மின்னூல்களாக ஒரே கட்டாக்கி வாக்காளருக்கு இலவசமாக வழங்கும் வழக்கத்துக்கு வித்திட்டவரும் அவரே. 2000களின் கடைசி ஆண்டுகளில் மாநாட்டு அமைப்புகளே அப்பணியை ஏற்றுக்கொண்டன. உறுப்பினர் கட்டணம் செலுத்தியவருக்குப் படிக்காததற்குச் சாக்கு இல்லாமல் போயிற்று.

ஆயினும் அந்தக் கட்டு இறுதிப் பட்டியலை எட்டியவருக்கே உதவும். அதற்கு முந்தைய பரிந்துரைக் கட்டத்தில் புதியவன் இன்னமும் கூட்டத்துக்கு வெளியே நிற்கிறான். வாசிப்பு எவ்வளவு சிதறியிருந்தது என்பதற்கு ஒரு சான்று. பரிந்துரைச் சீட்டுகளில் 5 விழுக்காடாவது பெறாத கதை பட்டியலில் இடம்பெறாது என்று ஒரு விதி அன்று இருந்தது. அதனால் 2013இல் சிறுகதைப் பிரிவில் ஐந்துக்கு மூன்றே கதைகள் தேறின, 2014இல் நான்கு. ஆயிரக்கணக்கான கதைகள் வெளிவந்தும், இருபதில் ஒருவராவது ஒப்புக்கொண்ட கதைகள் ஐந்து இல்லை.

இந்த இடைவெளியை நிரப்பவே புதியவர்கள் தம் கதைகளைத் தாமே முன்வைக்கத் தொடங்கினர். ‘எனக்கு இது இரண்டாம் ஆண்டு, இவை என் கதைகள், விரும்பினால் படியுங்கள்’ என்று ஆண்டுத் தொடக்கத்தில் அறிவிப்பது வழக்கமாயிற்று. தகுதியுள்ளோர் கதைகளைத் திரட்டித் தொகுப்பாக்கும் முயற்சிகளும் வந்தன. அவற்றில் பெரிது 2016இல் எஸ். எல். ஹுவாங், கர்ட் ஹண்ட் இருவரும் தொகுத்த ‘அப் அண்ட் கமிங்’. அந்த ஆண்டின் தகுதியாளர்களில் 120 பேரின் கதைகள், 10 லட்சம் சொற்களுக்கு மேல், வரையறுத்த காலத்துக்கு இலவசம்.

நாம் ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்த்தோம். நிமிடத்துக்கு 250 சொற்கள் வீதம் படித்தாலும் 10 லட்சம் சொற்களுக்கு 66 மணி நேரத்துக்கு மேல் வேண்டும். நாளுக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் ஒரு மாதத்துக்கும் அதிகம். அஞ்சல்தலைக்குக் காசில்லாத வறுமை போய், படித்து மாளாத வளம் வந்துவிட்டது. புதியவன் மறைவதற்கு இரண்டும் ஒன்றே. அந்த ஆண்டு விருது பெற்றவர் ஆண்டி வியர். ‘தி மார்ஷியன்’ என்ற அவருடைய நாவலும், 2015இல் வந்த அதன் திரைப்படமும் உலகறிந்தவை.

என்றாலும் சிறுகதைக்கு வழி முற்றும் அடைபடவில்லை. 2018இல் ரெபேக்கா ரோன்ஹார்ஸ் விருது பெற்றபோது பரிந்துரைக் காலத்தில் அவர் நாவல் எதுவும் வெளிவந்திருக்கவில்லை. 2017இல் வந்த ஒரே ஒரு சிறுகதை அவரைக் கொண்டுசேர்த்தது. அதே இரவில் அக்கதைக்குச் சிறுகதைக்கான ஹூகோவும் கிடைத்தது. அமெரிக்கப் பழங்குடி அடையாளத்தைச் சுற்றுலாச் சரக்காக விற்பதைப் பற்றிய கதை அது.

*

இனித் திரிந்த இடத்தைச் சொல்ல வேண்டும். 2011இன் இறுதிப் பட்டியலில் இருந்து விருது பெறாதவர் லாரி கொரேயா. 2012இல் அவ்வாறே பெறாதவர் பிராட் டோர்கர்சன். விருதுகள் ஒரு குறிப்பிட்ட அரசியல் சாய்வுள்ளோர் கையில் இருக்கின்றன என்று கொரேயா கருதினார். 2013 முதல் ‘சேட் பப்பீஸ்’ என்ற பெயரில் ஓர் இயக்கம் நடத்தினார். 2015இல் டோர்கர்சன் அதை ஏற்று நடத்தினார். அதைவிடத் தீவிரமான இன்னொரு குழுவும் இணையாகச் செயல்பட்டது. கதையைப் படியுங்கள் என்பதோடு நில்லாமல், இப்பெயர்களை எழுதுங்கள் என்ற ஆயத்தப் பட்டியல் வந்தது. அன்று நாற்பது டாலர் கட்டினால் எவரும் வாக்களிக்க முடிந்தது. பல பிரிவுகளில் இறுதிப் பட்டியல் முழுவதும் அவர்கள் பெயர்களே. கோடையில் 5950 பேர் வாக்களித்தனர். ஐந்து பிரிவுகளில் ‘யாருக்கும் இல்லை’ வென்றது. அவற்றில் ஒன்று சிறுகதை.

இங்கே தோற்றவர்கள் யார் என்று பார்க்க வேண்டும். ஆயத்தப் பட்டியலில் தாம் அறியாமலே இடம்பெற்றவர்கள் சிலர். அப்பட்டியலால் வெளியே தள்ளப்பட்டு யாராலும் படிக்கப்படாமல் போனவர்கள் பலர். மார்ட்டினும் தோற்றார், டோர்கர்சனும் தோற்றார். தோல்விக்குப்பின் முன்னவர் தன் போட்டியாளரின் கதைகளை அச்சிட்டார். பின்னவர் வாக்குகளைத் திரட்டினார். இரண்டுக்கும் உள்ள தொலைவுதான் நம் கேள்விக்கு விடை. ‘என்னைப் படி’ என்பது வாசகனின் தீர்ப்பை மதிக்கிறது. ‘என்னை எழுது’ என்பது அத்தீர்ப்பை அவனிடமிருந்து பறித்துக்கொள்கிறது.

2019இல் டப்ளின் மாநாட்டில் விருதைப் பெற்ற ஜெனட் இங், ஏற்புரையிலேயே கேம்பலின் அரசியலைக் கடுமையாகச் சாடினார். பத்து நாள்களுக்குள் விருதின் பெயர் ‘அஸ்டவுண்டிங் விருது’ என்று மாறிற்று. நேற்று வந்தவரின் சொல் விருதின் பெயரையே மாற்றியது. 2023இல் செங்டு மாநாட்டில் சிரான் ஜே ஜாவோ தகுதியற்றவர் என்று காரணம் சொல்லாமல் நீக்கப்பட்டார். வாசகர் பரிந்துரைத்ததை நிர்வாகம் மறைத்தது. அவருக்கு ஓராண்டு நீட்டிப்பு வழங்கப்பட்டது. 2024இல் கிளாஸ்கோவில் வாக்காளர்கள் அவருக்கே விருதளித்தனர். கெடு ஒருமுறையேனும் மனிதருக்காக வளைந்தது.

*

நன்னூலாரிடம் திரும்பினால், அவருடைய நான்கு விலக்குகளிலும் ஓர் ஒற்றுமை தெரிகிறது. நான்கிலும் கேட்பவர் தீர்ப்புச் சொல்லும் இடத்தில் இருக்கிறார். அத்தீர்ப்புக்குத் தேவையான செய்தி அவரிடம் இல்லை. புலவன் அதைத் தருகிறான், அவ்வளவே. தந்தபின் அவன் வேலை முடிந்துவிடுகிறது. புதிய எழுத்தாளன் தன் கதையை நீட்டுவது தற்புகழ்ச்சி ஆகாது. அதைவிட அடக்கமான செயல் வேறில்லை என்றே தோன்றுகிறது. தன் பெயரை நம்பாமல் தன் எழுத்தையே சான்றாக வைக்கிறான் அல்லவா?

ஆனால் இவ்வரலாற்றில் நம்மை அதிகம் உறுத்துவது எழுத்தாளனின் கடமையைவிட வாசகனின் கடமையே. 1959இன் வாக்காளருக்கு இதழ் கிடைக்கவில்லை என்று சொல்ல வழியிருந்தது. 2016இன் வாக்காளருக்கு நேரம் கிடைக்கவில்லை. இரண்டாண்டுக் கெடு எழுத்தாளனுக்கு மட்டும் விதிக்கப்பட்டதன்று. அந்த இரண்டு ஆண்டுகளுக்குள் அவனைக் கண்டுகொள்ள வேண்டும் என்று வாசகனுக்கும் விதிக்கப்பட்டதே. நம் சிற்றிதழ் வாசகர்கள் இதை எளிதில் உணர்வர். இதழைப் பிரித்ததும் தெரிந்த பெயரின் பக்கத்துக்குத்தான் விரல் போகிறது. அடுத்த இதழ் வரும்போது, அறியாத பெயர் ஒன்றிலிருந்து தொடங்கிப் பாருங்கள். கதை பிடிக்காவிட்டால் பிடிக்கவில்லை என்றே எழுதுங்கள். படித்தபின் சொல்லப்படும் மறுப்பும் அந்தப் புதியவனுக்கு ஒரு வரவேற்புத்தான்.